புத்தி இருக்கும்போதே

"சொந்த விருப்பத்தில்தானே எழுதித் தருகிறீர்கள்?" சப்ரிஜிஸ்ட்ரார் தெலுங்கில் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"புத்தி எங்கிட்ட இருக்கறப்பவே எழுதிடறேன் சார்" என்றாள் இந்திராணி தமிழில்.

சத்தியவேட்டுப் பதிவு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழில்நகரம் வந்ததிலிருந்து முள்ளுக்காட்டுக்குக்கூட ஆள் விலை கேட்டு வருகிறான். அவளும் செத்துப்போன புருஷனும் கூலிக்குப் போய் வாங்கிய ஒன்றரை ஏக்கரை, வீட்டு வாசலில் வந்து நின்று கேட்காத புரோக்கர் இல்லை.

மகன் ஹரிபாபு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

பத்திரம் அவன் பெயரில் இல்லை. அவன் மனைவி கலைவாணி பெயரில்.

ஹரிபாபு தங்கமான பிள்ளை. அம்மா நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான்.

கலைவாணி அப்படியில்லை. குழம்புக்குப் புளி கரைப்பதிலிருந்து குழந்தைக்கு மொட்டை போடுவது வரை மாமியாரோடு மல்லுக்கு நிற்பாள். தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்.

இந்திராணியின் அம்மா செல்லியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. சோறு ஊட்டிய மகளையே, "யாரும்மா நீ, எந்த ஊரு?" என்பாள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தாள். குடியிருந்த வீடு அப்படித்தான் போனது. செல்லியம்மாவைப் பெற்றவளுக்கும் அதே நோய்தான்.

எனக்கும் வந்தால் வரட்டும். வந்து என்னை எடுத்துக்கொண்டு போகட்டும். மண்ணை விடமாட்டேன்.

நிலம் மருமகளுக்கு. உயிரோடு இருக்கும்வரை விளைச்சல் இந்திராணிக்கு. விற்கும் உரிமை மட்டும் இனி அவளுக்கு இல்லை. அதிகாரி வாசித்து முடித்ததும் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

வெளியே வந்ததும் கலைவாணிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கு அத்தே எம்பேர்ல? நீங்க சொன்னத ஒரு நாளாவது நான் கேட்டுக்கினு இருந்தேனா?"

"அதுக்குத்தான்டி. புத்தி போனப்புறம், வித்துடு வித்துடுன்னு நானே வந்து அழுவேன். அவன் சரிம்மான்னுடுவான்."