அவருக்கும் ஒரு நாற்காலி

"செத்துப்போனவனைத் தூக்கியாரவா அவ்ளோ குண்டுக்கு நடுவுல ஓடுன? நீங்களாவது கேளுங்க சார்!"

ஜெகதாம்பாள் காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். கார்கிலிலிருந்து லீவில் வந்திருந்த மகன் உத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீரத்தைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராஜசேகரன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வேப்பம்பட்டுக்குக் குடிவந்து ஒரு தீபாவளிகூட ஆகவில்லை, அதற்குள் நகர் நலச் சங்கச் செயலாளர் ஆகிவிட்டவர். மைக் கிடைத்தால் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவுக்கு அழைக்க வந்திருந்தார்.

"நீங்களும் மேடைக்கு வரணும்மா."

"நான் வர்ல. ஒத்தப் புள்ள சார். இவனுக்கு ஒண்ணு ஆயிருந்தா, அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அட, சாரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் நாற்காலி போட்டுடறேன்."

சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. நெற்றியில் பெரிய குங்குமம், தலை நிறைய மல்லிகை. இத்தனை நேரம் கோபத்தில் அதெல்லாம் எடுபடவில்லை.

"அப்போ முன்னாடியே போடுங்க. அவரு கூச்சப்பட்டுக்கினு பின்னால போயி ஒக்காந்துக்குவாரு."

"எப்போ வருவார்? ஒரு வார்த்தை நேர்ல சொல்லிடறேன்."

"அவரு என்னிக்கு சொல்லிக்கினு வந்தாரு? திடீர்னு வந்து நிப்பாரு" என்று செல்லமாக அலுத்துக்கொண்டாள். ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் கேட்டது. "லோக்கல் வந்துடுச்சு" என்றபடி எழுந்துபோய், தெருவில் வருகிறவர்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

ராஜசேகரன் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. அம்மா கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. உங்க கூட்டாளி பரந்தாமன் உயிரோட இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"பயந்துக்கினுதான் போனேன் சார். ஆனா அவனை அந்தப் பனியில உட்டுட்டு வந்திருந்தா, காணாமப் போனவன்னு சொல்லிடுவாங்க. இப்போ ஊட்டுக்குக் கொண்டுபோய் கொள்ளி வெச்சாச்சு. அவன் பொண்டாட்டி அவன் மேல உழுந்து கதறித் தீத்துட்டா. பூவை எடுத்துட்டா."

"ஐயோ, அந்தக் கொடுமையைக் கண்ணால பாக்கவா உயிரைப் பணயம் வெச்சீங்க?"

உத்தமன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பக்கத்தில் நகர்ந்து வந்தான்.

"எங்கப்பாவும் பட்டாளம்தான் சார். எழுபத்தொண்ணு சண்டைக்குப் போனாரு, உடம்பு வர்ல. எங்கம்மா இன்னும் அழவே இல்ல சார்."