நாலு வளையம்

“காரை எடுக்க வந்தப்போ பையன் கத்தினானா தம்பி?” என்று சிரித்தபடி பட்டறைக்குள் வந்தார் அவர்.

“இல்லண்ணே” என்றேன், தலை நிமிராமல்.

சக்கரம் வெளியே தள்ளி நின்றால்தான் கெத்து என்று அவர் மகன் நாலு சக்கரத்துக்கும் உள்ளே ஸ்பேசர் வளையம் போட்டிருந்தான். மட்டமான சரக்கு. போல்ட் தளர்ந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும் என்று நான்தான் அவரை எச்சரித்தேன். நேற்றுக் காலை மகனுக்குத் தெரியாமல் காரைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

“இங்கேருந்து நேரா ஆபீஸ் போய் அம்மாவை ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். இத்தனை நாளா அந்தக் கார்ல அவளை ஏறவே விடல நான். நேத்துதான் தைரியமா போயிட்டு வான்னேன். நாளைக்குத் திரும்பறாங்க.”

நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“அந்த நாலு சனியனையும் எடுங்க தம்பி. என் கையால உடைச்சாத்தான் மனசு ஆறும்.”

பழைய இரும்புக் குவியலருகே குந்தி, ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

“கெடைக்கலையா?”

“இருங்கண்ணே, பாக்கறேன்.”

நேற்று மாலை அவர் மகன் வந்து என் சட்டையைப் பிடித்ததும், நாலையும் நானே திரும்ப மாட்டிக் கொடுத்திருந்தேன்.