திறப்பு விழாவுக்கு முன் பழுத்த பலா

மூன்று நாள் பலாத் திருவிழா மூன்று மாதமாக வளர்ந்துவிட்டது. அது தொடங்கும் முன் ஊரில் யாரும் பலாப்பழம் அறுக்கக் கூடாது. வாசனை பட்டால் தெருமுனையில் விழாக்குழு நட்டிருக்கும் மோப்பக் கம்பம் அலறும்.

இந்த ஆண்டு சிறப்பு விருந்தினருக்கு நேரம் கிடைக்காமல் திறப்பு விழா தள்ளிக்கொண்டே போனது. தில்லைநாயகியின் கொல்லையில் பழம் பழுத்து வெடித்துவிட்டது.

"அழுக விட்டுக் குப்பையில கொட்டவா மரம் வளத்தோம்?" என்று எரிந்து விழுந்த கணவர் ஏழுமலை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். வாசனையை மறைக்க அவள் கருவாடு வறுத்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் அதே வறுவல்தான்.

முதல் சுளையை வாயில் வைக்கும்போது விழாக்குழு அலுவலர் வாசலில் வந்து நின்றார். தில்லைநாயகி தட்டை முந்தானையால் மூடினாள்.

"என்னம்மா, தெரு பூரா கருவாட்டு வாசம்?"

"அது இல்லாம எங்களுக்குச் சோறு எறங்காதுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பலாவுக்கு அடுத்து என்ன விழா வைக்கலாம்னுதான் தேடிட்டிருந்தோம். கருவாட்டுத் திருவிழா. அது ஆரம்பிக்கிற வரைக்கும் இனிமே யாரும் வறுக்கக் கூடாது."

உள்ளே வந்து அடுப்பை அவரே அணைத்தார். செய்தி பரவி, ஒவ்வொரு வீடாக அடுப்பு அணைந்தது.

தெருமுனையில் கம்பம் அலறத் தொடங்கியது.