வாசல் கேட்கும் பேச்சு

ஆலை வாசலில் இருக்கும் இயந்திரத்திடம் நாலு வார்த்தை பேசினால் போதும். பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்து, அந்த ஊருக்கென்று ஒதுக்கிய வேலையைக் கொடுத்துவிடும். நான் பேசியதும், "கமுதி. உலைக்கூடம்" என்றது.

"ஏய்யா, வெயில்ல கெடந்து வந்தவனுக்கு மறுபடியும் நெருப்பா?" என்று காவல்காரரிடம் கேட்டேன்.

"உங்க ஊர்க்காரங்க சூடு தாங்குவீங்களாம்ண்ணே" என்று சிரித்தார்.

மகள் எழிலி பிறந்த அன்றோடு வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். என் பேச்சு அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது. மனைவி இந்த நகரத்துக்காரி, அவள் பேசி வளர்த்தாள். மகளிடம் ஒன்றிரண்டு சொல்லவாவது வேண்டுமே என்று முப்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தேன். அவள் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றையும் நோட்டில்தான் எழுதிக் காட்டினேன்.

போன வாரம் அதே வாசல் எழிலியை மாடி அலுவலகத்துக்கு அனுப்பியது. ஓடி வந்து சொன்னாள். இனி என்ன பயம் என்று, "ஏ தாயி..." என வாயைத் திறந்தேன்.

சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்ப்பா. வருஷா வருஷம் அந்த வாசல் திரும்பப் பேசச் சொல்லிக் கேக்குமாம்."

நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். பேனா மூடியையும் அவளே கழற்றிக் கொடுத்தாள்.