பதினேழாம் நம்பர் தோட்டம்

சூப்பர்வைசர் கொட்டிய காபியில், கப்பலேற வேண்டிய நாற்பது திராட்சைப் பெட்டிகளின் தோட்ட நம்பர்கள் எழுதிய ஒரே பட்டியல் அழிந்துபோனது. அவர் கை என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டது?

“எல்லாத்துலயும் பதினேழுன்னு ஒட்டுங்கக்கா. அந்தத் தோட்டம் எந்தச் சோதனையிலயும் மாட்டினதில்ல.”

“ஒட்ட மாட்டேன்.” பழம் தரம் பிரிப்பவள் லேபிள் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்க்கா!”

“போகட்டும். நாளைக்குப் பழத்துல விஷம்னா, பதினேழாம் நம்பர்க்காரர் தலையிலதானே விடியும்?”

அவருக்குச் சட்டென்று விளங்கியது. “ஓஹோ, பதினேழு உங்க தோட்டமா? நேராச் சொல்லுங்க.”

“என்னுது இருபத்திரண்டு. மருந்தடிச்ச மூணாம் நாளே என் வீட்டுக்காரர் பறிச்சு அனுப்பின பெட்டி இந்த நாற்பதுலதான் இருக்கு. ஒண்ணையும் கப்பலேற விடமாட்டேன்.”