அகலமான டயர்

திருவான்மியூர் சைக்கிள் கடையின் வெண்ணிற விளக்கொளியில், விற்பனையாளர் சந்திரிகாவைப் பார்ப்பதே இல்லை. திங்கட்கிழமை முதல் அவள் உத்திரமேரூருக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியை. பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை ஜல்லி பெயர்ந்த சாலை; அதற்குத்தான் சைக்கிள். அவளுக்கோ தீராத முதுகுவலி. விற்பனையாளர் பேசுவதெல்லாம் அவள் கணவன் கணேசமூர்த்தியிடம்தான். "சார், மேடத்துக்கு இந்தக் கூடை வச்ச வண்டி சோக்கா கீது. சீட்ட அமுக்கிப் பாருங்க, மெத்த மாதிரி." கணேசமூர்த்தி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் தலையசைக்கிறான். "நல்லாத்தான இருக்கு. இதுலயும் முதுகு வலிச்சா வேலைய விட்டுரு, யாரு கேக்கப்போறா?" சந்திரிகாவின் காதுமடல்கள் சிவக்கின்றன. "ஓட்டப்போறது நான், எங்கிட்ட பேசுங்க. ஜல்லி ரோட்டுல குலுக்கலத் தாங்குறது சீட்டில்ல, டயரு. அகலமான டயர் எதுல இருக்கு?" "அது ஜென்ட்ஸ் வண்டி மேடம்," என்று சிரிக்கிறார் விற்பனையாளர். மூலையில் நிற்கும் அந்த வண்டியை அவளே இழுத்து வருகிறாள். டயர்கள் கல்லாய் இறுகியிருக்கின்றன. குனிந்து வால்வை அழுத்துகிறாள். காற்று சீறி வெளியேற, விற்பனையாளர் ஓடி வருகிறார். "மேடம், காத்து போவுது!" "கொஞ்சம் போகட்டும். டயரு மெத்துனு இருந்தாத்தான் குலுக்காது." கடைக்கு வெளியே, மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப்போட்ட தெருவில், கருங்கல் துண்டுகளின்மேல் ஏற்றி ஓட்டுகிறாள், முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. திரும்பி வந்து, இறங்காமலேயே, கணவனிடம் கையை நீட்டுகிறாள். "என் பையக் குடுங்க. கார்டு அதுலதான் இருக்கு."