கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு கார்டு

கிறிஸ்துமஸ் தாத்தா கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். ஹென்னா கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். முகமூடி, வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி. வெளியே அவள் வைத்திருந்த பரிசு மூட்டை அவர் தோளில் இருந்தது.

கல்லூரிப் பையன் ஒருவனை ஐந்து மணிக்குத் தாத்தா வேஷத்தில் வரச் சொல்லியிருந்தாள். சீக்கிரம் வந்தால் என்ன, நல்லதுதானே என்று கதவுச் சங்கிலியைக் கழற்றினாள்.

அந்தச் சங்கிலியை அவள் லேசில் கழற்றுகிறவள் இல்லை. புருஷன் யார்மோவின் வீட்டைவிட்டுக் கிளம்பி, நானூறு கிலோமீட்டர் தள்ளி இந்த வாசா நகரத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. முகவரி ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கதவில்கூட வேறு பெயர்தான் எழுதியிருக்கிறது.

புருஷனிடம் எட்டு வருடம் அடி வாங்கியவள், எந்த ஆம்பிளையைப் பார்த்தாலும் முதலில் அவன் வலது கையைத்தான் பார்ப்பாள். அது ஓங்குமா, ஓங்காதா என்று பார்த்துப் பார்த்தே பழகிவிட்டது.

அவன் சொந்தபந்தத்தில் ஒருவரும் "ஏன்டா இப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை சமையலறையில் இவள் அலறியபோது, அடுத்த அறையிலிருந்த கொழுந்தன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

போகட்டும். இங்கே வந்த பிறகுதான் நாலு வயது மகன் ஓட்ஸோ படுக்கையை நனைக்காமல் தூங்குகிறான். ஏழு வயது லூமி, கதவு சாத்துகிற சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிவதை விட்டுவிட்டாள். இதற்கு மேல் ஹென்னாவுக்கு ஒன்றும் வேண்டாம். இது கெடாமல் இருந்தால் போதும்.

தாத்தா உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பனியில் குரல் போய்விட்டதாம், பாவம். ஓட்ஸோ அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றான். லூமி மட்டும் பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டை ஒரு வரி விடாமல் பாடினாள்.

தாத்தா தலையாட்டிக் கேட்டார். வலது கையால் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். கடைசியில் ஓட்ஸோவே கிட்டே போய் அவர் தாடியைத் தொட்டுப் பார்த்தான். அடுப்பில் பன்றித்தொடை வேகும் வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. ஹென்னாவுக்கு நெஞ்சு நிறைந்து அழுகை வந்தது.

"தாத்தா, என் கார்டு வந்துச்சா?" என்று கேட்டாள் லூமி.

தாத்தா கொஞ்சம் தயங்கி, ஆமாம் என்று தலையாட்டினார்.

"என்ன கார்டுடி?"

"நீ தந்த ஸ்டாம்ப ஒட்டிப் போட்டேனேம்மா, அதான். தாத்தா எப்பவும் நம்ம பழைய வீட்டுக்குத்தான வருவார்? நாம இல்லன்னு திரும்பிப் போயிட்டா? அதான் அந்த வீட்டு அட்ரஸுக்கே அவர் பேர்ல கார்டு போட்டேன். இங்க இருக்கோம்னு தெருப்பேரு, கதவு நம்பர் எல்லாம் எழுதிட்டேன்."

ஹென்னா முக்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சருக்கு அனுப்பவென்று கேட்டு வாங்கிய தபால்தலை இதற்குத்தானா? கார்டு நேரே யார்மோவின் கையில் அல்லவா விழுந்திருக்கும்! சேச்சே, இவன் நம் கல்லூரிப் பையன்தான், குழந்தை மனசு நோகக் கூடாதென்று தலையாட்டி வைக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க, பனியில பஸ் நின்னு போச்சு. தாத்தா வர இன்னும் அரை மணி ஆகும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க" என்றான் கல்லூரிப் பையன்.

சரி என்று சொன்னது தன் குரலா என்று அவளுக்கே தெரியவில்லை. முக்காலியில் இருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடியின் ஓட்டைகளுக்குள் கண் மட்டும் தெரிந்தது. அது யார்மோ வீட்டுக் கண். அந்தச் சாம்பல் நிறத்தை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள்.

போலீஸைக் கூப்பிடலாம், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கத்தலாம், கத்தினால் லூமி மறுபடி மேசைக்கு அடியில் போய்விடுவாள்.

"ரெண்டு பேரும் உள்ள போய்ப் பரிசப் பிரிச்சுப் பாருங்க. தாத்தாவுக்கு நாலு வீடு போகணும்" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் ஓடினார்கள். அந்த அறையின் கதவைச் சாத்தி, அதன் குறுக்கே நின்றாள். கைக்கு எட்டும் தூரத்தில் பன்றித்தொடை வெட்ட வைத்திருந்த கத்தி இருந்தது. அதை எடுத்து இறுக்கிப் பிடித்தாள். பட்டது போதும், என் பிள்ளைகளை இவன் பார்க்க வேண்டுமென்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தாத்தா எழுந்தார். காலி மூட்டையை மடித்து முக்காலியில் வைத்தார். கத்தியைப் பார்த்தும் நிற்காமல் அவள் அருகே வந்தார். குனிந்து, அறைக்குள் கேட்காத குரலில் சொன்னார்:

"பிள்ளைங்கள ஜன்னல் பக்கம் விடாதீங்க, அண்ணி. கீழே கார்ல அண்ணன் இருக்கான். இது வேற யாரோ வீடுன்னு சொல்லிடறேன்."